கண்டக்டர் துலுக்கானம் கம்ப்யூட்டர் வாங்கிய கதை

“கோயம்பேடா? இந்தா, புடி. அது கெடக்கட்டும் தம்பி, ராம் எட்டு போதுமா, பதினாறு வோணுமா?”

காலை ஏழே முக்காலுக்குப் பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் மூன்று மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. கண்டக்டர் துலுக்கானம் டிக்கெட்டைக் கொடுத்த கையோடு ஒரு கேள்வியையும் கொடுத்துவிடுவார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் ஆள் கம்ப்யூட்டர் கம்பெனி என்று அர்த்தம். முதுகில் பை இருந்தால் காலேஜ். இரண்டு பேரையும் அவர் விடமாட்டார். பதிலைக் கேட்டதும் மேல் பாக்கெட்டிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்து, கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஓடும் வண்டியிலேயே குறித்துக்கொள்வார். இருபத்தேழு வருஷமாக நின்றுகொண்டே எழுதிய கை. எழுத்து ஒரு சுழி பிசகாது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவான்கள், கம்ப்யூட்டர் வாங்கிப் பார் என்பதையும் கூடச் சேர்த்திருக்கலாம். கரையான்சாவடி தாண்டுவதற்குள் பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். முன் சீட்டுகள் எல்லாம் லேப்டாப் கட்சி. பின் சீட்டுகள் டெஸ்க்டாப் கட்சி. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் விளையாடுவது உப்பில்லாத சோறு என்பான் ஒரு காலேஜ் பையன். அதெல்லாம் வேண்டாம், சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் வருகிறது, லேசான கேமுக்கு அது தாராளம் என்பார் ஜன்னலோரம் கண்ணாடி போட்ட ஒருவர். வானகரத்தில் இறங்க வேண்டிய ஒரு நர்ஸம்மா, “எது வாங்கினாலும் எஸ்எஸ்டி போட்டு வாங்குங்க கண்டக்டரே, இல்லாட்டி ஆன் ஆகறதுக்குள்ள சோறு வெந்துடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒருநாள் தன் ஸ்டாப்பையே விட்டுவிட்டாள்.

“மாமே, பொண்ணுக்கு மாப்ள பாத்தா கூட இவ்ளோ விசாரிக்க மாட்ட போலக் கீதே!” என்று டிரைவர் நடேசன் முன்னாலிருந்து கத்துவார்.

“மாப்ள சரியில்லன்னா திட்டிக்கலாம் மச்சான். இத்த திட்டனா காதுல வாங்குமா?” என்பார் துலுக்கானம். பஸ்ஸே சிரிக்கும்.

சரி, ஐம்பத்திரண்டு வயதுக் கண்டக்டருக்குக் கேம் எதற்கு? வீட்டில் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் உண்மைதான். மகள் கவிப்பிரியா பி.காம் முதல் வருஷம். அசைன்மென்ட் அடிக்க ஒவ்வொரு முறையும் தோழி வீட்டுக்கு ஓடுகிறாள். பாரிவாக்கம் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொடுக்கும் மனைவி நாகவல்லி, புது டிசைன்களைப் போனில் பார்த்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறாள். கரண்டு பில் கட்டலாம், பழைய படம் பார்க்கலாம். இத்தனையையும் துலுக்கானம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கடைசி விரலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, “அப்பால, சும்மா பொழுதுபோக்கா, பஸ் ஓட்ற கேம் ஒண்ணு கீதாம்” என்றார்.

அந்தக் கடைசி விரல்தான் அசல் காரணம். நாகவல்லிக்கு அது தெரியும். மகளுக்குத் தெரியாது.

துலுக்கானத்துக்குச் சின்ன வயதிலிருந்தே டிரைவர் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இருபத்து மூன்று வயதில் ஹெவி லைசென்ஸ் எடுக்க டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கப் போனார். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து, பக்கம் பூராவும் புள்ளி புள்ளியாக இருந்த வட்டத்தைக் காட்டி, உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்றார். துலுக்கானத்துக்குப் புள்ளிதான் தெரிந்தது. அடுத்த பக்கத்திலும் புள்ளிதான். எட்டாவது பக்கத்தில் டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, “உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாதுப்பா. பெரிய வண்டி வேணாம்” என்றார். அவ்வளவுதான். டிரைவர் ஆக வேண்டியவர் கண்டக்டர் ஆனார். மகள் கேட்டபோதெல்லாம், “டிரைவர் வேலைல இன்னா கீது, ஒரே எடத்துல குந்திக்கினு. எனக்கு நாலு பேராண்ட பேசணும்” என்று சொல்லி மழுப்பிவிடுவார்.

ஆனால் அந்த வழக்கை அவர் மனசுக்குள் மூடவே இல்லை. சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. இதற்கு நிறம் எதற்கு? இருபத்தேழு வருஷமாக டிரைவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சிக்னலையும் அவரும்தான் பார்க்கிறார். மனசுக்குள் பிரேக் போடுவார், மனசுக்குள் கிளட்ச் மிதிப்பார். ஒருநாளும் தப்பியதில்லை. என்றாலும் மனசுக்குள் ஓட்டுகிற பஸ்ஸில் யார்தான் இடிப்பார்கள்? நிஜமாகவே நம்மால் முடிந்திருக்குமா, இல்லை டாக்டர் சொன்னதுதான் சரியா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்ற நினைப்பில்தான் அவருக்கு மூன்று மாதமாகத் தூக்கம் குறைந்து பேச்சு கூடியிருந்தது. பதில் எப்படி வருமோ என்ற பயமும் கூடவே இருந்தது. அதை அவர் டைரியில் எழுதவில்லை.

வாங்கும் நாளிலேயே ஒரு சண்டை. துலுக்கானத்துக்கு வார லீவு சனிக்கிழமை. நாகவல்லி ஒரே போடாகப் போட்டாள்.

“சனிக்கெழம இரும்பு வாங்குவாங்களா? அந்தப் பொட்டி இரும்புதான?”

“கண்ணாடியும் கீது.”

“பாதி இரும்புன்னாலும் இரும்புதான்.”

துலுக்கானம் டெப்போவில் யார் யார் காலிலோ விழாத குறையாக லீவை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஆகவே பன்னிரண்டே காலுக்கு மூன்று பேரும் குமணன்சாவடியில் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கடையில் ஏறினார்கள். கடைக்காரர் ஹேமநாதன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு மூடினார்.

கடைக்காரருக்குக் கஸ்டமர் என்றால் ஒன்றும் தெரியாமல் வந்து நிற்க வேண்டும். இவர் டைரியைப் பிரித்துக்கொண்டு நின்றார்.

“லேப்டாப் வாணாம். சூடாவும், பழுதானா பிரிச்சு மாத்த முடியாதுன்னு சொல்லிக்கீறாங்க. டெஸ்க்டாப். ராம் பதினாறு. எஸ்எஸ்டி ஐநூத்திச் சொச்சம். கிராபிக்ஸ் கார்டு தனியா இப்ப வாணாம், சிப்புக்குள்ள கீறதே போதும். ஆனா போர்டுல எடம் உடுங்க, நாளைக்கு ஆசப்பட்டா சொருவிக்கலாம். ஸ்க்ரீன் இருவத்திநாலு இஞ்ச். கரண்டு போனா நிதானமா அணைக்க ஒரு யுபிஎஸ்.”

ஹேமநாதன் டைரியை எட்டிப் பார்த்தார். “எங்க சார் வேலை பாக்கறீங்க?”

“பஸ்ல.”

அவர் சுதாரித்துக்கொண்டு, கடைக்குள்ளேயே பெரிய கேபினெட் ஒன்றைத் தடவிக்கொடுத்தார். “இதப் பாருங்க சார். உள்ள நாலு ஃபேன், நாலும் கலர் கலரா மாறும். ஒண்ணரைக் கோடி கலர்.”

“எனக்கு ரெண்டே தகராறு. ஒண்ணரைக் கோடிய வெச்சிக்கினு இன்னா பண்றது?” என்றார் துலுக்கானம். “லைட் இல்லாத பொட்டி காட்டு நைனா.” கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நாகவல்லி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கவிப்பிரியா கீபோர்டு ஒவ்வொன்றிலும் தன் பெயரை அடித்துப் பார்த்து, சத்தம் குறைவான ஒன்றைப் பொறுக்கினாள். நாகவல்லி ஸ்க்ரீனில் ஒரு பிளவுஸ் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “ஜரிகைல நூல் எத்தினின்னு எண்ணலாம் போலக் கீதே!” என்று கூவினாள். துலுக்கானத்தின் கண் மட்டும் மேல் தட்டில் இருந்த அட்டைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் மேல் ஒரு ஸ்டீயரிங் படம். காலுக்கு இரண்டு பெடல்.

“அது வந்து…” என்று இழுத்தார்.

“கேம் ஸ்டீயரிங் சார். எறக்கவா?”

மேஜை விளிம்பில் திருகி மாட்டிக் கொடுத்ததும் துலுக்கானம் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார். ஸ்டீயரிங் சின்னதுதான், சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆனாலும் பிடித்தவர் விடவில்லை. கடையில் வேறு இரண்டு பேர் வந்து காத்திருந்தார்கள். நாகவல்லி அவர் தோளைத் தொட்டு, “ஊட்டுக்குப் போயி ஓட்டலாம் வா” என்றாள். வேறு எதற்காவது இப்படி நின்றிருந்தால் அவள் கிண்டல் செய்தே கொன்றிருப்பாள். அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை.

இப்போது நாகவல்லியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் நிர்வாணமாக ஒரு பொருள் இருக்க முடியாது. மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பூப்போட்ட பாவாடை, டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் சட்டை. ஃபிரிட்ஜ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, கதவில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரியவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. பாரிவாக்கத்தில் நாலு பக்கமும் பிளாட் போட்டு வீடு கட்டுகிறார்கள். மணல் லாரி ஒன்று போனால் துடைத்த தரையில் கோலமே போடலாம், அவ்வளவு புழுதி.

எனவே துலுக்கானம் கடையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே நாகவல்லி கேபினெட்டைச் சாண் போட்டு அளந்துவிட்டாள். ஆட்டோவில் வீடு வந்து, சூடம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு முடிப்பதற்குள் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. மெரூன் கலர் ரெக்சின் உறை. ஓரத்தில் ஃபிரில். ஆன் பண்ணும் பட்டனுக்கும் ஒயர்களுக்கும் மட்டும் துளை, அதையும் சுற்றித் தைத்திருந்தாள். கேபினெட்டுக்கு அச்சாகப் பொருந்தியது.

“பாத்தியா, அளவெடுத்தா நான் எடுக்கணும்” என்று இடுப்பில் கை வைத்தாள். மகளும் அப்பனும் ஆகா ஓகோ என்றார்கள்.

கவிப்பிரியா கேமை இறக்கினாள். நம்ம ஊர் பஸ் மாதிரியே ஒரு பஸ்ஸைத் தேடிப் பிடித்து அதில் ஏற்றினாள். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. துலுக்கானம் அதற்குள் மூன்று முறை முகம் கழுவி, சட்டையை மாற்றி, தலை சீவிக்கொண்டார். மாலை ஐந்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நாகவல்லி தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அப்படியே போட்டுவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

பஸ் நகர்ந்தது. முதல் ஸ்டாப்பில் பொம்மை மனிதர்கள் ஏறினார்கள். பழக்க தோஷத்தில் “உள்ள போ, உள்ள போ” என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்டாப்பை விட்டு வண்டியை எடுத்தார். தெரு அழகாக நகர்ந்து வந்தது. தூரத்தில் சிக்னல். மேலே எரிகிறது. நில். அவர் பிரேக்கை மிதித்தார்.

படம் ஒரு நொடி அப்படியே நின்றது. திரும்ப அசைந்தபோது பஸ் கோட்டைத் தாண்டி நடுச் சந்தியில் நின்றது.

“நைனா, ரெட்டு தாண்டிட்ட!” என்றாள் மகள். “பரவால்ல, மொத தபாதான.”

இரண்டாவது சிக்னலிலும் அதேதான். மூன்றாவதில் குறுக்கே வந்த காரை இடித்தார். நாலாவதில் அவர் மிதித்தது இந்தப் பக்கம், பஸ் நின்றது அந்தப் பக்கம். சிரித்துக்கொண்டிருந்த கவிப்பிரியா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அப்பாவின் முகம் அப்படி ஆகி அவள் பார்த்ததில்லை.

துலுக்கானம் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு எழுந்தார். “அந்த டாக்டரு கரீட்டாதான் சொல்லிக்கீறாரு” என்றார் நாகவல்லியைப் பார்த்து.

“எந்த டாக்டரு?” என்றாள் மகள்.

அவர் சொன்னார். புள்ளிப் புத்தகத்தை, எட்டாவது பக்கத்தை, மேலே கீழே கணக்கை, எல்லாவற்றையும் சொன்னார். “மன்ஸுக்குள்ளயே ஓட்டி ஓட்டி பெரிய டிரைவர்னு நெனச்சிக்கினு கீந்தேன் கண்ணு. சிக்னல் தெரியுது, கால் போவுது, ஆனா லேட்டாத்தான் போவுது. கலர் பிரியாதவன் ஊர்ல பஸ் ஓட்டியிருந்தா எத்தினி பேர் செத்திருப்பாங்க. நல்ல வேள.” நாகவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதம் துள்ளித் திரிந்த மனுஷன் இப்படித் துவண்டு நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து போனது.

“கண்ணு பட்டுட்ச்சி!” என்று நாகவல்லி மிளகாய் எடுக்க ஓடினாள். கவிப்பிரியா அதற்குள் கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். படம் நின்று நின்று வந்ததையும், மிதித்த பிறகு பஸ் தாமதமாகக் கேட்டதையும், இப்போது அணைந்ததையும் சொன்னாள்.

ஹேமநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “ஏம்மா, அந்தப் பொட்டி மேல ஏதாவது மூடி வெச்சிருக்கீங்களா?”

மூன்று பேரும் மெரூன் உறையைப் பார்த்தார்கள். மகள் அதன் மேல் கையை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தாள். இட்லிப் பானை மூடி தேவலாம்.

“இருக்கு” என்றாள் மெல்ல.

“மொதல்ல அத உருவுங்க. அதுக்கு மூச்சு விட வழி வேணாமா? சூடு ஏறினா அது வேகத்தக் கொறைச்சுக்கும். அப்புறம் நீங்க என்ன மிதிச்சாலும் நின்னு நிதானமாத்தான் கேக்கும். ஓட்றவர் மேல தப்பே இல்ல.”

நாகவல்லி கையில் மிளகாயோடு நின்றாள். பிறகு மிளகாயைக் கீழே போட்டுவிட்டு, உறையைத் தானே உருவி எடுத்தாள். அடியில் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும், காற்று போகும் சல்லடையில் ஒட்டியிருந்ததையும் நகத்தால் கிள்ளி உரித்தாள். அந்த வீட்டில் அவள் கையால் ஒரு பொருள் உரிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. “ஊட்டுக்கு வந்த கொழந்தைய போர்வ போத்தியே கொன்னுட்ருப்பேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மேஜை ஃபேனைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பி வைத்தாள். பெட்டி ஆறும் வரைக்கும் அவள் துலுக்கானத்தை அங்கிருந்து நகர விடவில்லை. “குந்து. இன்னொரு தபா ஓட்டு” என்றாள்.

“வாணாம்டி. மறுக்கா இடிச்சா தாங்காது.”

“இடிச்சா இடி. பொம்மதான செத்துப் பூடும்!”

அரை மணி நேரம் கழித்து அவர் மறுபடியும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இந்தத் தடவை “உள்ள போ” சொல்லவில்லை. சிக்னல் வந்தது. மேலே எரிந்தது. காலை வைத்தார். பஸ் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அலுங்காமல் நின்றது. கீழே எரிந்தது. எடுத்தார். அடுத்த சிக்னல். அதற்கடுத்தது. ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்தார். ஒரு மாடு குறுக்கே வந்தது, அதற்கு நின்று வழிவிட்டார். ஒரு குறுகலான பாலத்தில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்தார். அவருக்கு ஒரே ஆனந்தம். இருபத்தேழு வருஷம் மனசுக்குள் மிதித்த பிரேக் எல்லாம் ஒன்றும் வீண்போகவில்லை என்று அவர் காலுக்கே தெரிந்தது.

கடைசி ஸ்டாப். பொம்மை மனிதர்கள் இறங்கினார்கள். திரையில் ஒரு பட்டியல் வந்தது. துலுக்கானம் அதைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படி” என்றார்.

“மொத்தம் பதினோரு சிக்னல்” என்று மகள் படித்தாள். “மீறினது, ஒண்ணு கூட இல்ல. இடிச்சது, இல்ல. சடார்னு பிரேக் போட்டது ரெண்டு தபா. பயணிகளுக்குக் கொஞ்சம் கோவமாம்.”

“மறுக்கா படி. மொத வரிய மட்டும்.”

“பதினோரு சிக்னல். மீறினது ஒண்ணு கூட இல்ல, நைனா.”

துலுக்கானத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதார். “டாக்டர் மேல தப்பில்ல கண்ணு” என்றார். “அவரு புத்தகத்தக் காட்டிக் கேட்டாரு. ஓட்டச் சொல்லிப் பாக்க அவருக்குத் தோணல, அவ்ளோதான்.”

கவிப்பிரியா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாகவல்லி மூக்கை உறிஞ்சிவிட்டு, சும்மா இருக்க முடியாமல், “அந்த ரெண்டு பிரேக்கு எதுக்குப் போட்ட? பாவம், ஜனங்க முட்டிக்கினு இருந்திருப்பாங்க. மாடு வர்றது உனுக்குத் தெரீல?” என்று ஆரம்பித்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த டிரிப்பை அழுத்தினார்.

“டிரைவராண்ட பேச்சு குடுக்காத. எல்லா வண்டிலயும் எழுதிக்கீறாங்க இல்ல?” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை எடுத்தார்.